ஐம்பத்திரண்டு புதுமுகங்கள்

அன்று காலை மங்கையர்க்கரசி பார்த்த முதல் கனவில் ஒரு செருப்பு காணாமல் போனது.

பழைய காலத்துப் பேருந்து நிலையம். தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். கனவு கண்டவர் குனிந்து, நூற்றுக்கணக்கான கால்களுக்கு நடுவே தன்னுடைய இடது செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். யாரோ அவர் முதுகில் பையால் இடித்துவிட்டுப் போனார்கள். "பாத்துப் போங்க சார்" என்றார். அப்புறம் வெளியேறும் வழி எந்தப் பக்கம் என்று ஒரு முறை எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு செருப்பையும் மறந்து, வழியையும் மறந்து, முறுக்கு விற்பவனைக் கூப்பிட்டார்.

மங்கை படத்தை நிறுத்திவிட்டு எழுதினாள். புதுமுகம் நூற்றுப்பதினெட்டு. வழி தேடுதல் உண்டு. தகுதி.

மூன்று நிமிட வேலை. அறுபது வயது தாண்டியவர்களின் கனவுகளில் அவளுக்குச் சிரமமே இருந்ததில்லை. அவர்கள் கூட்டத்தில் எதையாவது தொலைப்பார்கள், யாரையாவது திட்டுவார்கள், எப்படியாவது ஓரிடம் பிடித்து உட்கார்ந்துவிடுவார்கள். திருச்சியின் கூடல் தகுதி அலுவலகத்தில் அவள் ஒன்பது ஆண்டுகளாகக் கனவு வாசிப்பவளாக இருந்தாள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கோப்புகள். கண்ணாடி அறைக்குள் அவள் ஒருத்தி, பக்கத்துக் கண்ணாடி அறைக்குள் ஆரோக்கியசாமி. இருவரும் ஒலிபெருக்கி வழியாகப் பேசிக்கொள்வார்கள்.

விண்ணப்பித்தவர்கள் ஏழு நாட்கள் நெற்றியில் கனவுப்பட்டையைக் கட்டிக்கொண்டு தூங்க வேண்டும். தூக்கம் ஆழமாகும் நேரம் பார்த்து அந்தப் பட்டை பழைய சந்தை இரைச்சலை மிக மெல்லிதாகக் காதுக்குள் விடும். அதற்குத் தூண்டொலி என்று பெயர். அதைக் கேட்ட மனம் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு கூட்டத்தைக் கட்டி எழுப்பும். கல்யாணப் பந்தி, ரயில் நடைமேடை, ஆடிப்பெருக்கு நாளின் காவிரிக் கரை. பட்டை அதைப் படமாக்கி அனுப்பும். கோப்பில் பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். கனவு காண்பவர் தன் கண்ணால் பார்ப்பதே படமாக வருவதால் அவருடைய முகமும் அதில் தெரியாது.

விழித்திருக்கும்போது கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். எனக்கு ஒரு பயமும் இல்லை என்பார்கள். அதனால்தான் கனவைக் கேட்க வேண்டியிருந்தது.

பதினோராவது கோப்பு ஓர் இளைஞனுடையதாக இருக்க வேண்டும். பெரிய தேர்வுக்கூடம். வரிசை வரிசையாக மேசைகள். ஒவ்வொன்றிலும் ஆள் இருந்தது.

"என்னக்கா, பெருமூச்சு இங்க வரைக்கும் கேக்குது" என்றான் ஆரோக்கியம்.

"மூணே முகம்தான் ஆரோக்கியம். ஒரு அப்பா, ரெண்டு அண்ணன். நூத்தியிருபது மேசையிலயும் இவங்களே மாத்தி மாத்தி உக்காந்திருக்காங்க. கேள்வித்தாள் குடுக்குறதும் அப்பாதான்."

"கனவுலயாவது அந்தப் பையனை விடக்கூடாதா அந்த மனுஷன்."

மங்கை சிரிக்கவில்லை. சிரிக்கும் அளவுக்குத் தெம்பு இல்லை. புதுமுகம் இல்லை. வழி தேடுதல் இல்லை. தகுதியில்லை என்று எழுதினாள். ஆறு மாதம் கழித்து அவன் மறுபடி விண்ணப்பிக்கலாம். மறுபடியும் அதே மூன்று முகங்கள் வரும்.

முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் மூச்சுக்காய்ச்சல் வந்தபோது மங்கைக்கு இருபது வயது. அதற்கு முன்பு அவள் கூட்டங்களில் இருந்திருக்கிறாள். கூட்டம் அவளுக்குப் பிடிக்காது என்றுகூட அப்போது சொல்லிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் பரவியதும் அரசாங்கம் மக்களை வட்டங்களாகப் பிரித்தது. ஒரு வட்டத்துக்கு எட்டுப் பேர். அந்த எட்டு முகங்களைத் தவிர வேறு முகத்தை நேரில் பார்க்கக் கூடாது. தெருவில் இறங்கினால் முகத்திரை. போக்குவரத்துக்கு ஒருவர் மட்டும் உட்காரும் தனியூர்தி. இருபத்தோராம் ஆண்டில் தடுப்பூசி வந்து காய்ச்சல் ஒழிந்தது. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை, அந்நியர் ஒருவரின் வெறும் முகத்தை நேரில் பார்க்காமலே வளர்ந்து ஆளாகிவிட்டது. திரையில் ஆயிரம் முகங்கள் பார்த்திருந்தார்கள். திரையில் பார்த்த முகங்கள் கனவுக் கூட்டத்தில் வந்து உட்காருவதில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது.

மறு ஆண்டு, ஊருக்கு வெளியே பெரிய பந்தல் போட்டு ஓர் இசை நிகழ்ச்சி நடத்தினார்கள். நானூறு பேர். எல்லோரும் பயமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். முகத்திரையைக் கழற்றச் சொன்னதும் சில நிமிடங்கள் அமைதியாக இருந்தது. பிறகு ஒரு பெண் அலறினாள். இளைஞர்கள் பலர் நின்ற இடத்திலேயே சிலைபோல நின்றுவிட்டார்கள். வழி எங்கே என்று தேடக்கூட அவர்களுக்குத் தெரியவில்லை. வழி தெரிந்தவர்கள் அவர்கள் மேல் ஏறி ஓடினார்கள். பதினேழு பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் மங்கையின் கணவர் தண்டபாணி.

அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. இருபது பேருக்கு மேல் கூடும் இடத்துக்குள் காலெடுத்து வைக்க, சிறு பிள்ளைகளைத் தவிர எல்லோருக்கும் சான்றிதழ் வேண்டும். கனவில் தன் வட்டத்துக்கு வெளியே உள்ள நாற்பது புதுமுகங்களாவது இருக்க வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து இந்த அலுவலகம் திறந்தபோது மங்கை வேலைக்கு விண்ணப்பித்தாள். இன்னொரு பந்தல் சரியக் கூடாது என்று அப்போது நினைத்தாள். இப்போது அவ்வளவு பெரிதாக எதையும் நினைப்பதில்லை. கோப்பு வரும், பார்ப்பாள், எழுதுவாள், கழுத்து வலிக்கும்.

பன்னிரண்டாவது கோப்பு கல்யாணப் பந்தி.

நீளமான கூடம். நாலு வரிசை. வாழையிலைகளுக்குப் பின்னால் ஆட்கள் நெருக்கமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் பெண்கள். கனவு கண்டவள் வாசலில் நின்று, உட்கார ஒரு காலி இலை தேடினாள். திரையின் ஓரத்தில் கணிப்பி நிரல் முகங்களை எண்ணிக்கொண்டே வந்தது. புதுமுகம் முப்பது, முப்பத்தெட்டு, நாற்பத்தைந்து. கடைசியில் ஐம்பத்திரண்டில் நின்றது. பரிந்துரை: தகுதி.

இளம் வயதுக் கோப்பு ஒன்றில் இவ்வளவு முகங்களா என்று மங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். படத்தை நிறுத்தி, முதல் வரிசையைப் பெரிதாக்கினாள்.

முதல் இலைக்குப் பின்னால் அவளே உட்கார்ந்திருந்தாள்.

மூக்குக்கண்ணாடி போடுவதற்கு முந்திய மங்கை, தலைமுடி அடர்த்தியாக இருந்த காலத்து மங்கை. அடுத்த இலையில் கண்ணாடி போட்ட மங்கை. அதற்கடுத்து, காய்ச்சலில் எடை குறைந்து கன்னம் ஒட்டியிருந்த ஆண்டின் மங்கை. தலை நரைத்தவள், சாயம் பூசியவள், தலைக்குக் குளித்துத் துண்டு சுற்றியவள், போன வாரம் சமையலறையில் நின்ற அதே பச்சைப் புடவைக்காரி. கணிப்பி அவர்களை ஐம்பத்திரண்டு பேர் என்று எண்ணியிருந்தது. வயதும் முடியும் கண்ணாடியும் மாறியதில் அது ஏமாந்துவிட்டது. பரிமாறிக்கொண்டிருந்தவளும் மங்கைதான். தண்ணீர்ச் செம்போடு போனவளும் மங்கைதான்.

அவள் படத்தை ஓட விட்டாள். கனவு கண்டவள் வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். ஒவ்வொரு மங்கையும் தலை நிமிர்ந்து, ஒரே குரலில், "சாப்ட்டியா?" என்று கேட்டாள். காலி இலை எங்கும் இல்லை. வழியைத் தேடவும் இல்லை. நாடித்துடிப்பு ஏறவில்லை. அச்சக் குறியீடு எதுவும் பதிவாகவில்லை. கணிப்பி அதற்கு ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது: களைப்பு.

அவளுடைய மகள் நிரஞ்சனா. இருபத்தேழு வயது. ஐந்து ஆண்டுகளாக வீட்டிலிருந்தே திரைவழியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். விண்ணப்பித்ததை அம்மாவிடம் சொல்லவில்லை. பக்கத்து அறையில் ஏழு நாட்கள் நெற்றியில் பட்டை கட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறாள்.

ஒப்புதல் பொத்தான் திரையில் பச்சையாக இருந்தது. அதை அழுத்தினால் போதும். கணிப்பியின் பரிந்துரையை வாசிப்பவர் ஏற்றுக்கொண்டால் யாரும் மறுபடி பார்ப்பதில்லை. அந்த ஐம்பத்திரண்டு பேரும் ஒரே பெண் என்று உலகத்தில் கண்டுபிடிக்கக் கூடியவர்கள் மூன்று பேர்தான். ஒருத்தி கனவு கண்டவள். ஒருத்தி இங்கே உட்கார்ந்திருக்கிறாள். மூன்றாமவன், அலுவலக அடையாள அட்டையில் அவள் முகத்தைப் பார்த்திருந்தவன், பக்கத்து அறையில் பையை மூடிக்கொண்டிருந்தான்.

"கெளம்பலையாக்கா?"

"ஆரோக்கியம், ஒரு கோப்பு உனக்கு அனுப்புறேன். எனக்குத் தெரிஞ்ச முகம் இருக்கு. நான் எழுதக் கூடாது."

அவன் மறுபடி உட்கார்ந்து பார்த்தான்.

"அக்கா, கணிப்பியே தகுதின்னு சொல்லிடுச்சு. நான் பாக்கவே இல்லன்னு வச்சுக்குங்க. அழுத்திட்டுப் போறேன். பாப்பா எதுக்குக் கேட்டிருக்கு தெரியுமா? தஞ்சாவூர்ல பள்ளிக்கூடம் திறக்குறாங்கள்ல, நேர்ல நடத்துற பள்ளிக்கூடம். அந்த டீச்சர் வேலைக்கு. குறிப்புல போட்டிருக்கு."

"ஒரு வகுப்புல எத்தனை பிள்ளைங்க?"

"முப்பது."

மங்கை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "இருக்கிறத எழுது" என்றாள்.

"அக்கா..."

"இருக்கிறத எழுது ஆரோக்கியம். முப்பது பிள்ளைங்க."

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது நிரஞ்சனா தோசைக்கல்லை அடுப்பில் வைத்திருந்தாள். கடைசி வகுப்பு முடிந்த களைப்பு அவள் முகத்தில் இருந்தது. மங்கை முகத்திரையைக் கழற்றி மாட்டினாள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வந்தவள், யோசித்ததில் ஒன்றையும் சொல்லவில்லை.

"உன் கோப்பு எங்கிட்டதான் வந்துச்சு."

நிரஞ்சனா கரண்டியை வைத்தாள். "பாத்தியா?"

"பாத்தேன்."

"எத்தனை?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுமேயா? கூட்டமே வரலையா?"

"கூட்டம் வந்துச்சு. கல்யாணப் பந்தி. அம்பது பேருக்கு மேல இருப்பாங்க."

"அப்புறம்?"

"எல்லாம் நான்தான்."

நிரஞ்சனாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. "எல்லாருமே நீயா? பரிமாறினது யாரு?"

"அதுவும் நான்தான்."

"அப்பா?"

மங்கை இல்லை என்று தலையசைத்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. கல்லில் தோசை கருகியது. நிரஞ்சனா அதைச் சுரண்டி எடுத்துத் தனியாக வைத்தாள்.

"கணிப்பி அம்பத்திரண்டு புதுமுகம்னு எண்ணிடுச்சு" என்றாள் மங்கை. மறைத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது, ஆனால் மறைக்கவும் தெம்பு வேண்டும். "நான் ஒப்புதல் குடுத்திருந்தா உனக்குச் சான்றிதழ் வந்திருக்கும்."

"அப்போ நீதான் நிறுத்தினியா?"

"ஆமா."

"ஏம்மா?"

"முப்பது பிள்ளைங்க நிரஞ்சனா. திடீர்னு நீ உறைஞ்சு போய் நின்னுட்டா? அந்தப் பிள்ளைங்கள்ல ஒண்ணு கத்துச்சுன்னா? நான் பந்தல்ல நின்னவ. அன்னிக்கு உங்கப்பா கைய நான்தான் புடிச்சிருந்தேன்."

"தெரியும். பதினோரு வருஷமா அதான் தெரியும்." நிரஞ்சனா குரலை உயர்த்தவில்லை. அப்படிப் பேசும்போதுதான் மங்கைக்குத் தாங்க முடியாமல் இருந்தது. "அப்பா இருந்தவரைக்கும் நம்ம வட்டத்துல எட்டுப் பேர் இருந்தோம். சித்தப்பா வீடு, பெரியத்தை. எல்லாரையும் நீ எழுதிக் குடுத்து வெளியே அனுப்பினே. யாரும் வர வேணாம்னே. அப்போ எனக்குப் பதினாறு வயசு. அதுக்கப்புறம் இந்த வீட்டுக்குள்ள யாரும்மா வந்தாங்க? என் மனசு வேற யாரைக் கொண்டு வந்து அந்தப் பந்தியில உக்கார வைக்கும்?"

மங்கை நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒன்பது ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகளின் கனவுகளைப் பார்த்து, பாவம், இவர்களுக்கு முகமே இல்லை என்று நினைத்திருப்பாள். அந்த முகங்களைக் கொடுக்காதவர்கள் யார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"சாப்டு" என்று சொல்ல வாய் எடுத்தவள், சொல்லாமல் மூடிக்கொண்டாள்.

இரண்டு நாட்கள் இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் வேலையிலிருந்து வந்ததும் மங்கை செருப்பைக் கழற்றாமல் நின்று, "வா" என்றாள்.

"எங்க?"

"கீழ. இந்தக் கட்டடத்துல அறுபத்து நாலு வீடு இருக்கு. ஒருத்தரைக்கூட நமக்குத் தெரியாது. ரெண்டு பேர் மூணு பேர் சேர்ந்து முகம் பாத்துக்கச் சட்டத்துல தடை இல்ல. யாரும் பாத்துக்கிறதில்ல, அவ்வளவுதான்."

மூன்றாம் மாடியின் முதல் கதவில் மணியை அழுத்தியபோது, கதவுக்கு மேலிருந்த ஒலிபெருக்கி கேட்டது. "எந்த அலுவலகம்?"

"அலுவலகம் இல்லைங்க. நாலாவது மாடி, எம் பேரு மங்கை. இவ என் பொண்ணு."

"தண்ணி ஒழுகுதா?"

"ஒழுகலைங்க."

"அப்புறம் என்ன வேணும்?"

மங்கை மகளைப் பார்த்தாள். என்ன சொல்வது என்று தயார் செய்துகொண்டு வரவில்லை. "ஒண்ணும் வேணாங்க. உங்க முகத்தைக் கொஞ்சம் பாத்துட்டுப் போகலாம்னு."

ஒலிபெருக்கி அணைந்துவிட்டது. அடுத்த கதவும் திறக்கவில்லை. அதற்கடுத்த வீட்டில் காவலரைக் கூப்பிடுவேன் என்றார்கள். ஏழாவது கதவில், பூட்டு ஒவ்வொன்றாக விலகும் ஓசை கேட்டது. காதர் மொய்தீன் என்ற எழுபது வயதுக்காரர், லுங்கியை இறுக்கிக்கொண்டு, முகத்திரை இல்லாமல் வந்து நின்றார். அவர் கண்கள் கூசின.

"பாருங்கம்மா" என்றார். "நல்லாப் பாத்துக்குங்க. இடது பக்கம் ஒரு பல் இல்ல. பரவாயில்லையா?"

நிரஞ்சனா சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் கை அம்மாவின் புடவையைப் பிடித்திருந்தது. ஒரு அந்நியரின் முகம் இவ்வளவு அசையும் என்று அவளுக்குத் தெரியாது. திரையில் முகங்கள் பேசும்போது மட்டும் அசையும். இவருடைய முகம் சும்மா இருக்கும்போதும் எதையோ செய்துகொண்டே இருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "போதும்மா" என்று அவள் முனகினாள்.

"நாளைக்கு வாங்க" என்றார் காதர் மொய்தீன். "நானும் பாத்து ரொம்ப நாளாச்சு."

அன்றிலிருந்து தினமும் மாலையில் போனார்கள். அது மகிழ்ச்சியான வேலையாக இல்லை. கழுத்து வலியோடும் கால் வீக்கத்தோடும் மங்கை படி இறங்கினாள். பல கதவுகள் திறக்கவே இல்லை. திறந்த கதவுகளிலும் பேச்சு வரவில்லை. இரண்டு பக்கமும் நின்று, எங்கே பார்ப்பது என்று தெரியாமல், காலைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மூன்றாவது வாரத்தில் நிரஞ்சனா ஒரு வீட்டு வாசலில் மயங்கி உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டுக்காரி தெய்வானை, கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடியே ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். அந்தக் குழந்தை நிரஞ்சனாவின் மூக்கைப் பிடித்து இழுத்தது. அவள் கத்தப் போகிறாள் என்று மங்கை நினைத்தாள். அவள் கத்தவில்லை. மூக்கைக் கொடுத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

நான்காவது மாதத்தில் நிரஞ்சனா தனியாகப் போக ஆரம்பித்தாள். மங்கை படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். கீழேயிருந்து எப்போதாவது பேச்சுச் சத்தம் கேட்கும். ஒரு நாள் மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அது தன்னிடம் சிரிக்கும் சிரிப்பு அல்ல என்பது மங்கைக்குப் புரிந்தது. யாரிடமோ மரியாதைக்குச் சிரிக்கும் சிரிப்பு. அதை அவள் அதுவரை கேட்டதில்லை.

ஆறு மாதம் முடிந்தபோது அறுபத்து நாலு வீட்டில் பதினாறு கதவுகள் திறந்திருந்தன. இருபத்து மூன்று முகங்கள். நாற்பதுக்கு இது போதாது என்று மங்கை கவலைப்பட்டாள். நிரஞ்சனா மறுபடி விண்ணப்பித்தாள். இம்முறை மறைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தே பட்டையைக் கட்டிப் பார்த்தாள். கோப்பு ஆரோக்கியத்துக்குப் போகும்படி மங்கை முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தாள்.

அது வந்த நாளில் அவன் ஒலிபெருக்கியில் பேசவில்லை. எழுந்து வந்து அவளுடைய கண்ணாடி அறைக் கதவைத் தட்டினான். ஒன்பது ஆண்டுகளில் முதல் முறையாக அவள் அவனை முகத்திரை இல்லாமல் பார்த்தாள். நினைத்ததைவிட வயதானவனாக இருந்தான்.

"எழுபத்தொண்ணுக்கா" என்றான். "புதுமுகம் எழுபத்தொண்ணு. கணிப்பிய நம்பாம நானே ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்தேன். வேற வேற ஆளுங்க."

"இருபத்து மூணு பேரைத்தானே பாத்திருக்கா."

"அதான் அதிசயம். கொஞ்சம் முகத்தை நேர்ல பாத்துட்டா மிச்சத்தை மனசே வரைஞ்சுக்குது போலிருக்கு. இல்லாத ஆளுங்களை அதுவா உண்டாக்குது. ஒருத்தருக்கு ஒரு பல் இல்ல, ஒருத்தி மூக்கைப் புடிச்சு இழுக்குறா. நல்ல கூட்டம்கா. ரயில் பெட்டி. பாப்பா ரெண்டு தடவை கதவு எங்கன்னு பாத்துச்சு. அப்புறம் எடம் புடிச்சு உக்காந்துருச்சு."

மங்கை தலையசைத்தாள். ஆரோக்கியம் போகாமல் நின்றான்.

"என்ன?"

"ஒண்ணும் இல்லக்கா. நீங்க கேப்பீங்கன்னு நினைச்சேன்."

"நான் எங்க உக்காந்திருந்தேன்?"

"தேடிப் பாத்தேன்" என்றான் அவன். "அந்தப் பெட்டியில நீங்க இல்ல."

மங்கை மறுபடி தலையசைத்தாள். "சரி, அனுப்பிடு" என்றாள். அவன் போனதும் அடுத்த கோப்பைத் திறந்தாள். ஏதோ ஒரு மீன் சந்தை. வெகுநேரம் பார்த்தும் அதில் எத்தனை முகம் என்று எண்ண முடியவில்லை. தன்னை விட்டுவிட்டு ஒரு ரயில் போயிருக்கிறது என்ற வருத்தம் ஒரு பக்கம். ஒரு சுமையை இறக்கி வைத்த நிம்மதி இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்துச் சுமக்க அவளுக்கு அன்று முடியவில்லை. அரை நாள் விடுப்பு எழுதிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

பள்ளி திறந்த நாளில் இரண்டு தனியூர்திகளில் தஞ்சாவூர் போனார்கள். சுற்றுச்சுவருக்கு வெளியே பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டவர்கள் நின்றிருந்தார்கள். உள்ளேயிருந்து வந்த சத்தத்தில் பலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். முப்பது பிள்ளைகள் ஒரே அறையில் இருந்தால் எவ்வளவு சத்தம் வரும் என்பதை அவர்களில் பாதிப்பேர் மறந்திருந்தார்கள், மீதிப்பேர் கேட்டதே இல்லை.

நிரஞ்சனா சான்றிதழைக் காவலாளியிடம் காட்டிவிட்டு உள்ளே போனாள். கால் மணி நேரத்தில் வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். மங்கை ஓடிப்போய்த் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் ஒரே நேரத்துல பேசுதும்மா" என்றாள் நிரஞ்சனா. "ஒவ்வொண்ணும் ஒரு பக்கம் பாக்குது. எதைப் பாக்குறதுன்னு தெரியல. ஒரு புள்ள வந்து என் காலைக் கட்டிக்கிச்சு."

வா, போயிடலாம் என்ற வார்த்தை மங்கையின் நாக்கு வரை வந்தது. பதினோரு ஆண்டுகளாக அவளுக்குப் பழகிய வார்த்தை. அவள் தண்ணீர் புட்டியைத் திறந்து நீட்டினாள்.

"கதவு எங்க இருக்குன்னு பாத்தியா?"

"பாத்தேன். ரெண்டு இருக்கு."

"அப்போ சரி."

நிரஞ்சனா வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள். சற்று நேரம் கண்ணை மூடி நின்றுவிட்டு மறுபடி உள்ளே போனாள்.

மங்கை திரும்பி வந்து நின்றாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் கேட்டாள். "உங்க புள்ள எந்த வகுப்புங்க?"

"டீச்சர்" என்றாள் மங்கை.

அந்தப் பெண் தன் முகத்திரையை மேலே தள்ளிவிட்டு அவளை நன்றாகப் பார்த்தாள். "என் பையன் அழுதுகிட்டே போனான். இப்ப சத்தத்தைக் காணோம். உங்க பொண்ணு கொஞ்சம் பாத்துக்குமா?"

"பாத்துக்குவா" என்றாள் மங்கை.

அப்போது இன்னொரு தனியூர்தி வந்து நிற்க, ஒருவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். காவலாளி வந்து, விரலை நீட்டித் தலைகளை எண்ணினார். "இருபதுக்கு மேல ஆயிடுச்சு. சான்றிதழ் இல்லாதவங்க யாராவது ஒருத்தர் தள்ளிப் போகணும்" என்றார்.

யாரும் அசையவில்லை. புதிதாக வந்தவரைத் தவிர மற்ற எல்லோருடைய பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். மங்கை ஆயிரக்கணக்கில் சான்றிதழ் எழுதியிருக்கிறாள். தனக்கென்று ஒன்று கேட்டதில்லை. ஒரு நாள்கூட நெற்றியில் பட்டை கட்டித் தூங்கத் துணிந்ததில்லை. "நான் போறேன்" என்று சொல்லிவிட்டு, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனாள்.

அங்கே சிறிய பாலத்தின் கைப்பிடிச் சுவர் இருந்தது. கால் வலித்தது, உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தின் இரைச்சல் சாலை தாண்டி அங்கேயும் கேட்டது. அதற்குள் மகளின் குரல் எங்கே இருக்கிறது என்று காது கொடுத்துத் தேடினாள். முப்பது குரல்களும் ஒன்றோடொன்று கலந்து, எது யாருடையது என்று பிரிக்க முடியாமல் வந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்துத் தேடுவதை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்தே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.